புழு நீக்கிய பதிப்பு

எங்கள் பள்ளி வட்டாரத்தில் பூமியைக் காப்பாற்ற நினைக்கிறவர் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் காப்பாற்றினால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். இதை நான் ஒன்றும் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்தே தலை நரைத்தவள் நான், பெவ் ஸாஸ்ட்ரோ. ஓய்வூதியம் உறுதியாகிவிட்டது. இனி எவனுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்?

எல்லாம் ஒரு கொடியால் வந்த வினை. பக்கத்து ஊரான எல்க் ப்ரெய்ரிக்கு, பள்ளி வாசலில் பறக்கவிட, மாநிலப் பசுமைக் கழகம் ஒரு பச்சைக் கொடி கொடுத்துவிட்டது. அவர்கள் கால்பந்தில் எங்களை ஜெயித்தாலே ஊரில் ஒரு வாரம் இழவு வீடு மாதிரி இருக்கும். இப்போது கொடி வேறு. நெடுஞ்சாலையில் போகிறபோதெல்லாம் அது வட்டாரப் பள்ளிகளையெல்லாம் ஆளும் எங்கள் கண்காணிப்பாளர் டாக்டர் வெண்டல் ப்ரூஸ்டரின் கண்ணில் பட்டது. அவர் மருத்துவர் இல்லை. நடைகூடத்தில் பிள்ளைகள் எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வெண்டல் என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. டாக்டர் என்று முணுமுணுத்தாலும் கட்டடத்தின் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்ப்பார்.

கொடி வாங்க ஒரே நிபந்தனைதான். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகத்தை வைத்துப் பூமியைப் பேணக் கற்றுத்தர வேண்டும், கற்றுத்தந்ததற்குச் சான்று காட்ட வேண்டும்.

அப்படி ஒரு புத்தகம் எங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. என் எதிர் அறையில் மழலையர் வகுப்பு எடுக்கும் மாரிட் ஹால்வர்சன் ஊர் நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் பொறுக்கி வந்தது. அட்டை கிழிந்து ஒட்டுப்போட்ட புத்தகம். கதை ஒன்றும் பெரிதில்லை. மழை பெய்கிறது. மண்புழு ஒன்று சிமெண்டுப் பாதைக்கு வந்து மாட்டிக்கொள்கிறது. வெயில் வருகிறது. ஒரு சிறுமி அதை உள்ளங்கையில் ஏந்தித் தோட்டத்தில் விடுகிறாள். புழு இலையைத் தின்று மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிறது. அந்த மண்ணில் ஒரு கேரட் விளைகிறது. சிறுமி அதைக் கடிக்கிறாள். முடிந்தது கதை. பிள்ளைகள் "இன்னொரு வாட்டி டீச்சர், இன்னொரு வாட்டி" என்று உயிரை எடுப்பார்கள்.

மாரிட்டுக்கு அது மூன்றாவது சோதனை ஆண்டு. கோடைக்கு முன்னால் பள்ளி வாரியம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவள் இதே மழலையர் வகுப்பில் படித்தவள், இதே அறையிலேயே கிழவியாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவள். அதனால் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பாள். கதவு அவள்மேல் இடித்தால் கதவிடம் கேட்பாள். பாடத்திட்ட இயக்குநர் ஷெரில் நோவாக் வந்து, "மாரிட், உன் புழுப் புத்தகத்தையே வட்டாரம் முழுக்கக் கொண்டுபோகப் போறோம்!" என்றபோது அந்த அசட்டுப் பெண் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். வேலை நிலைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

"அடி பைத்தியமே, அவங்க கையில ஒரு பொருளக் குடுத்தா முழுசா திரும்பி வராது" என்றேன். கேட்டால்தானே.

முதலில் ஒரு குழு போட்டார்கள். துணைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். காப்பி இருந்தது, டிரூடி லெஸ்ஸிங் சுட்டு எடுத்துவந்த எலுமிச்சை கேக் இருந்தது. டிரூடி பெற்றோர் சங்கத்தின் சார்பில் வந்தவள். தூண்டில் புழு விற்கிற டுவேன் கோபெக்கி வாரியத்தின் சார்பில் வந்திருந்தார். முதல் வெடி அவருடையது.

"ஏம்மா, புழுவக் காப்பாத்துன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தா, மே மாசம் மீன்பிடி சீசன் தொறக்கறப்ப என் கடைக்கு எவன் வருவான்? இந்த வாண்டுங்க கடைக்குள்ள பூந்து டப்பாவையெல்லாம் தொறந்து விட்டுச்சுன்னா நீயா பொறுக்கித் தருவ?"

"மன்னிச்சுக்கோங்க டுவேன்" என்றாள் மாரிட்.

டிரூடி கேக்கை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "என் பையன் புழு ஆணா பொண்ணான்னு கேட்டான். நெட்ல தேடிப் பாத்தேன். ரெண்டுமாம்! ஐயோ கடவுளே. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் இப்பவே தெரியணுமா?"

"ஆனா டிரூடி, புத்தகத்துல அதப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

"இல்லதான். அதான் எனக்குப் பயமே. சொல்லாமலே சொல்றாங்க பாருங்க."

வட்டாரத்தின் வக்கீல் சிறுமியைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் துணை இல்லை, கையுறை இல்லை, ஈரத்தரை, வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய ஒரு நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு விஷயம். நம்ம விஸ்கான்சின் வடக்குக் காட்டுல இந்தப் புழுக்களே கெடையாது. எல்லாம் ஐரோப்பாலேர்ந்து குடியேறினவங்க மண்ணோட வந்ததுங்க" என்றார்.

"அப்ப எங்க தாத்தா வந்த கப்பல்லதான் வந்திருக்கும்" என்றார் டுவேன். ஷெரில், "குடியேற்றம். ரொம்ப நுட்பமான விஷயம். இதத் தொட வேணாம்" என்று குறித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தழைத்து, "எனக்கு வேற ஒரு வருத்தம். புழுவுக்குக் கண் இல்ல. கண் இல்லாத ஒருத்தர அவர் சம்மதம் இல்லாம ஒரு சிறுமி தூக்கறா. இது உதவியா, ஆதிக்கமா?" என்றாள். எல்லாரும் கேக் தின்றபடியே அதைப் பற்றி வருந்தினார்கள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆயிற்று. புழுவை எடுத்துவிட்டார்கள். புழு இல்லாதபோது மழை எதற்கு என்று மழையை எடுத்தார்கள். மழை இல்லாமல் தோட்டம் ஏது? அதுவும் போயிற்று. எந்தப் பிள்ளைக்காவது ஒவ்வாமை இருக்கலாம் என்று கேரட் போயிற்று. மிஞ்சிய சிறுமியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு பெரியவரை நிறுத்தி, மூடிய ஜன்னல் வழியே பார்க்கச் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே கண்ணும் பல்லும் வைத்த ஓர் உருண்டை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் புவிக்குட்டி என்று பெயர். கடைசிப் பக்கத்தில் சிறுமி கையசைக்கிறாள், புவிக்குட்டியும் கையசைக்கிறது. உருண்டைக்குக் கை எங்கிருந்து வந்தது என்று எந்த வக்கீலும் கேட்கவில்லை.

அச்சாகி வந்தபோது பார்க்க வேண்டுமே! துடைத்தால் அழுக்குப் போகிற பிளாஸ்டிக் தாள். ஒவ்வொரு பிரதிக்கும் தனியாகப் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பிள்ளைக்கு ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை, பக்கம் திருப்பும்போது கிருமி ஒட்டாமல் இருக்க. பெட்டிகளைப் பிரித்த பிறகு பள்ளிக்குப் பின்னால் குவிந்த உறைகளை அள்ள இரண்டாவது லாரி வரவேண்டியிருந்தது. அந்த லாரியின் பக்கவாட்டிலும் புவிக்குட்டி சிரித்தது.

ஆசிரியர்களுக்கு அரைநாள் பயிற்சி. டாக்டர் ப்ரூஸ்டர் மேடையில் அந்தப் பிளாஸ்டிக்கைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பேசினார்.

"இத வெறும் புத்தகம்னு நெனைக்காதீங்க. இது ஒரு கருவி. முந்தியும் நம்ம பிள்ளைங்க பூமிய நேசிச்சாங்க. நான் இல்லைங்கல. ஆனா ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி நேசிச்சாங்க. ஒரு வகுப்புல அதிகம், ஒரு வகுப்புல கம்மி. அத அளக்கவும் நம்மகிட்ட வழி இல்ல. அளக்க முடியாத நேசம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இனிமே எல்லாப் பள்ளிக்கூடத்துலயும், எல்லாப் பிள்ளைங்களும், ஒரே நாள் ஒரே நேரத்துல, ஒரே அளவுக்கு நேசிப்பாங்க."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தூக்கம் வராமல் இருக்க.

எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கும் உரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "பக்கத்தைத் திருப்பவும். புன்னகைக்கவும். 'ஆஹா' என்று சொல்லவும்." அதிலிருந்து ஓர் எழுத்துப் பிசகக் கூடாது. மாரிட் அப்படியே வாசித்தாள், பாவம், 'புன்னகைக்கவும்' என்பதையும் சேர்த்து. வாசித்து முடித்ததும் முன்வரிசையில் மாய் சீ என்ற சிறுமி கையுறை மாட்டிய கையைத் தூக்கினாள்.

"டீச்சர், புழு எங்க?"

உரையில் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். அந்தச் சுவருக்குக் 'கேள்விகளின் வண்டி நிறுத்துமிடம்' என்று பெயர். பேர் வைத்த மகராசன் யாரோ. நிறுத்திய வண்டியையாவது சாயங்காலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த வாரக் கடைசியில் மாரிட்டின் சுவர் முழுக்க 'புழு எங்கே?'தான்.

"பெவ், அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"குழு தின்னுடுச்சுன்னு சொல்லு."

"ஐயோ பெவ்!"

ஏப்ரல் கடைசியில் இரவெல்லாம் மழை கொட்டியது. எங்கள் விளையாட்டுத் திடலில் மண் கிடையாது. விழுந்தால் அடிபடாமல் இருக்க முழுக்க ரப்பர் ஊற்றிவிட்டார்கள். அதைச் சுற்றி சிமெண்டுப் பாதை, பாதைக்கு அந்தப் பக்கம் வேலியோரமாக ஒரு கீற்று நிஜத் தரை. காலையில் அந்தத் தரையிலிருந்து புழுக்கள் கூட்டம் கூட்டமாகப் பாதைக்கு வந்து நெளிந்தன. மாய் சீதான் ஜன்னலில் முதலில் பார்த்தாள். "டீச்சர்! புழு அங்க இருக்கு! வெயில் வருது டீச்சர்!"

மாரிட் கடிகாரத்தைப் பார்த்தாள். புவிக்குட்டி பாடத்துக்கு மணியாகிவிட்டது. பிள்ளைகளைப் பார்த்தாள். என் அறைக் கதவு வழியே என்னையும் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு நிமிடத்தில் அத்தனை வாண்டுகளும் ரப்பர் காலணியோடு பாதையில் குந்தியிருந்தன. வெறும் கையால் புழுவை எடுத்து, "பயப்படாத, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே மண்ணில் விட்டன. பேண்ட்டெல்லாம் சேறு. மாரிட் நடுவில் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டு. அவள் பள்ளியில் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை, உரைப்படி சிரித்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த வேளை பார்த்துத்தானா ஷெரில் ஆய்வுக்கு வர வேண்டும்! காலி வகுப்பறையைப் பார்த்துவிட்டு, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் டேப்லெட்டுமாக வெளியே வந்தாள். நான் மாரிட்டின் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"மாரிட் கண்ணு, இப்ப பூமிப் பாடம் நடக்கணுமே."

"மன்னிச்சுக்கோங்க ஷெரில். இதெல்லாம் பாதையில கெடந்துச்சு. வெயில் ஏறினா காஞ்சு செத்துடும், அதான்..."

"ரொம்ப நல்ல மனசு உனக்கு. புத்தகம் எங்க?"

"உள்ள இருக்கு."

"அப்ப பாடம் நடக்கல."

"பூமியப் பாத்துக்கணும்னுதானே பாடம்? அதத்தானே பிள்ளைங்க செய்யறாங்க?"

ஷெரில் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பக்கம் திருப்பினாங்களான்னு கட்டம் இருக்கு. புன்னகைச்சீங்களான்னு இருக்கு. நீ சொல்றத நான் எங்க டிக் பண்ணுவேன்? அதுக்குக் கட்டமே இல்லையேம்மா."

மாய் சீ அண்ணாந்து பார்த்து, "இந்தாங்க, இது உங்களுக்கு" என்று கொழுத்த ஒரு புழுவை டேப்லெட்டின் மேல் வைத்தாள். ஈரப் புழு கண்ணாடியில் ஊர்ந்த வழியெல்லாம் 'மிகச் சிறப்பு', 'மிகச் சிறப்பு' என்று கட்டங்கள் பச்சையாகின. அந்த வட்டாரத்தில் நேர்மையாக நடந்த ஆய்வு அது ஒன்றுதான். ஷெரில் வீலென்று கத்தி அதை உதறினாள், எல்லாவற்றையும் அழித்து 'பாடம் நடைபெறவில்லை' என்று போட்டாள். பிறகு குற்றத்துக்குச் சான்றாக ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

"மாரிட், வருத்தத்தோட சொல்றேன்" என்று ஆரம்பித்தார். அவர் வருத்தத்தோடு சொல்லாத விஷயமே கிடையாது. "பிள்ளைங்க பூமிய நேசிக்கணும்னு வட்டாரம் விரும்புது. ஆனா நீங்க அவங்கள நேரா பூமிகிட்டயே கூட்டிட்டுப் போயிட்டீங்க. மண்ணு நம்ம அங்கீகாரம் பெற்ற பாடப்பொருள் இல்ல. இன்னிக்கு ஒரு ஆசிரியை மண்ணத் தொட்டா நாளைக்கு இன்னொருத்தர் ஆத்தத் தொடுவாங்க. அப்புறம் புத்தகத்துக்கு என்ன மரியாதை?"

"இனிமே செய்ய மாட்டேன் டாக்டர். இந்த ஒரு தடவ மன்னிச்சிடுங்க. எனக்கு இந்த வேலைய விட்டா வேற எதுவும் வேணாம்" என்றாள்.

"யோசிக்கறோம்" என்றார்.

இதற்கிடையில் கொடிக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்துவிட்டது. பிள்ளைகள் பூமியோடு உறவாடும் படம் ஒன்று வேண்டும் என்று பசுமைக் கழகம் கேட்டது. ஷெரில் எல்லாப் பள்ளியிலிருந்தும் படம் தருவித்தாள். எதை எடுத்தாலும் பிளாஸ்டிக் கையுறையோடு கம்பளத்தில் கொட்டாவி விடும் பிள்ளைகள். ஒன்றில் பாதி வகுப்பு தூங்கியே விட்டது. தேடித் தேடி, பூமியும் பிள்ளையும் ஒரே சட்டத்துக்குள் இருந்த படம் வட்டாரம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மாரிட்டின் முகத்தை வெட்டிவிட்டு அதை அனுப்பினார்கள். கொடி வந்துவிட்டது.

மே மாத வாரியக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. திரை நிறைய அந்தப் படம். சேறு பூசிய பிள்ளை முகங்கள், நடுவில் புழுவை ஏந்திய இரண்டு உள்ளங்கைகள். மணிக்கட்டுக்கு மேல் ஆள் இல்லை. டாக்டர் கொடியைப் பிரித்துக் காட்டினார்.

"இந்தப் படத்தப் பாருங்க. ஒரு புத்தகம் பிள்ளைங்கள எங்க கொண்டுபோய் விட்டிருக்கு பாருங்க! எல்க் ப்ரெய்ரிகிட்ட கொடி இருக்கு, இந்த மாதிரி படம் கெடையாது."

எழுந்து நின்று கைதட்டினார்கள். மாரிட் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்டினாள், அந்தக் கைகளாலேயே.

அடுத்து மூட்டை. சில்லறை விஷயங்களைத் தனித்தனியாகப் பேசாமல் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே 'ஆம்' சொல்லி நிறைவேற்றுவது எங்கள் வாரியத்தின் வழக்கம். அன்றைய மூட்டையில் புல்வெட்டும் யந்திரத்துக்குப் பழுது பார்ப்பு, உடற்பயிற்சிக் கூடத்தின் ஒழுகும் கூரை, உணவகத்துக்குப் பால், இவற்றோடு மழலையர் ஆசிரியை ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது. பாலுக்கும் கூரைக்கும் நடுவில் இருந்தது.

பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். நான் எழுந்தேன்.

"அந்தப் படத்துல இருக்கறது யார் கை?"

"பெவ், ஊழியர் விவகாரத்தப் பொதுவுல பேசக் கூடாது" என்றார் டாக்டர், வருத்தத்தோடு.

"நான் ஊழியரப் பத்திப் பேசல, படத்தப் பத்திப் பேசறேன்."

"படத்துல இருக்கறது ஊழியர்தானே."

"அப்ப எதுக்கய்யா அத சுவர் முழுக்க மாட்டி வச்சிருக்கீங்க? கைக்குக் கைதட்டல், கைக்காரிக்கு வெளிய போற கதவா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

அவர்கள் என்னைப் பேச விட்டார்கள். கனிவோடு தலையாட்டினார்கள். ஷெரில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். மணி அடித்ததும், "ரொம்ப நன்றி பெவ், மனசத் தொட்டுட்டீங்க" என்றார்கள். பிறகு 'ஆம்' சொன்னார்கள். டுவேன் வாயில் கேக் இருந்ததால் கையை மட்டும் தூக்கினார்.

வெளியே நடைகூடத்தில் மாரிட் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பித்தான் துளையில் நுழைய மறுத்தது. டுவேன் கடந்து போகும்போது, "படம் பிரமாதம்மா. நல்ல கொழுத்த புழு" என்று தோளில் தட்டினார். நாசமாய்ப் போகிறவர், மனதாரத்தான் சொன்னார்.

பின்னாலேயே டாக்டரும் ஷெரிலும் விரைந்து வந்தார்கள். "மாரிட்! நல்லவேளை, இன்னும் போகல நீங்க" என்றார் டாக்டர். "செப்டம்பர்ல பசுமைக் கழகத்துலேர்ந்து பாக்க வர்றாங்க. படத்துல இருக்கற மாதிரியே பிள்ளைங்க செய்யறத நேர்ல பாக்கணுமாம். வேற யாருக்கும் அது எப்படின்னு தெரியல. நீங்க அன்னிக்கு ஒரு நாள் வந்து செஞ்சு காட்டிடுங்க. தன்னார்வலரா. பிள்ளைங்களுக்காக."

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் மறுத்துப் பேசுவதில்லை. 'பாக்கலாம்' என்போம், 'அதுவும் ஒரு யோசனைதான்' என்போம், மறுத்த பாவத்துக்கு ஒரு தட்டு பலகாரமும் கொடுத்தனுப்புவோம். மாரிட் 'மன்னிச்சுக்கோங்க' என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாரிட் பித்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மாட்டேன்."

அவ்வளவுதான். கோட்டைத் திறந்தபடியே போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிட்டாள்.

டாக்டர் ப்ரூஸ்டருக்கு அது எட்டவே இல்லை. அந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொன்னதில்லை போலும். ஷெரிலின் முகத்தைப் பார்த்தார். "சரின்னுதான் சொல்றா டாக்டர். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே ஷெரில் டேப்லெட்டில் ஒரு கட்டத்தை டிக் பண்ணினாள்.

"மாட்டேன்னு சொன்னா!" என்று நான் கத்தினேன். "காது அடைச்சிருக்கா? மாட்டேன்னு சொன்னா அவ!"

டாக்டர் என் பக்கம் திரும்பி மிகுந்த கனிவோடு புன்னகைத்தார்.

"பெவ், உங்க மூணு நிமிஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."